தேனிலவுக் கதையில் பிணம் கட்டாயமா? குறுநாவலுக்கு யோசனை தேவை

மாடிப்படி:
வணக்கம் மக்களே. கொஞ்ச நாளாக ஒரு குறுநாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். துப்பறியும் கதைதான், ஆனால் ரத்தம் கிடையாது, ஜாலியான நடை. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மலைமேல் வெந்நீர் ஊற்று இருக்கும் ஒரு ஹோட்டலுக்குத் தேனிலவு போகிறது. கணவனுக்கு அவன் பாட்டி கொடுத்த வெள்ளி மோதிரம் அறை லாக்கரிலிருந்து காணாமல் போகிறது. போலீசுக்குப் போனால் பயணமே பாழாகிவிடும் என்று இருவரும் தாங்களே துப்பறியக் கிளம்புகிறார்கள். சந்தேகப் பட்டியலில் ஐந்து பேர்: அறை சுத்தம் செய்யும் பெண், மேனேஜர், பக்கத்து அறைப் பெரியவர், எந்நேரமும் கேமராவோடு அலையும் ஒருவர், அப்புறம் கணவனின் கல்லூரித் தோழி (தற்செயலாக அங்கே வந்திருக்கிறாள், ஆமாம், தற்செயல்தான், திட்டாதீர்கள்). இது போக ஜன்னலோரம் வந்து உட்காரும் ஒரு மேக்பை பறவை (பளபளக்கும் பொருளைத் திருடும் என்று பேர் வாங்கிய காக்கை இனம்). 26,000 சொல் வந்திருக்கிறது. கடைசியில் மேனேஜர்தான் திருடன்.

நண்பன் ஒருவனிடம் படிக்கக் கொடுத்தேன். "ஒருத்தர்கூட சாகவில்லையே, நான் எதுக்குக் கடைசிவரை படிக்கணும்?" என்று கேட்டுவிட்டான். ஒரு பிணத்தை உள்ளே போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பழையபேப்பர்:
உங்கள் நண்பர் தனியாள் இல்லை. எஸ். எஸ். வான் டைன் 1928ல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். அதில் ஏழாவது, பிணம் இருந்தே ஆகவேண்டும் என்பது. மூன்றாவது இன்னும் வேடிக்கை, காதல் விவகாரமே இருக்கக்கூடாதாம். குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவதுதான் வேலை, காதலர்களை மணமேடை ஏற்றுவது இல்லை என்கிற மாதிரி எழுதியிருப்பார். உங்கள் கதை இரண்டு விதியையும் ஒரே மூச்சில் மீறுகிறது, அதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ்.

ஆனால் அந்த விதிகளை யாரும் மதிக்கவில்லை, அவருக்கு முன்னாலும் சரி பின்னாலும் சரி. 1868ல் வந்த வில்கி காலின்ஸின் பெரிய நாவலுக்கு மையமே ஒரு வைரம் காணாமல் போவதும், அதனால் ஒரு காதல் குலைவதும்தான். ஷெர்லக் ஹோம்ஸின் முதல் சிறுகதை 1891ல் வந்தது, அதில் அவர் தேடுவது ஒரு புகைப்படத்தை. யாரும் சாகவில்லை, போதாக்குறைக்கு அவர் தோற்றுவேறு போகிறார். இன்றுவரை அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அரைத்தூக்கம்:
பிணம் போடுங்க சார். யாருக்கும் பிடிக்காத ஒரு ஆளைப் போட்டுத்தள்ளினால் போதும், யாரும் அழ மாட்டார்கள், ஜாலி கெடாது.

கறார்வாசகி:
அரைத்தூக்கம், அது நாலு நாள் விருந்துக்கு வந்த கூட்டத்துக்குச் சரிவரும், புது ஜோடிக்கு வராது. மாடிக்குக் கீழே ஒருவன் செத்துக் கிடக்கும்போது மேலே இரண்டு பேர் கொஞ்சிக்கொண்டிருந்தால் எனக்கு அந்த ஜோடியின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். டோரதி சேயர்ஸ் 1937ல் இதைச் செய்து பார்த்தார். தேனிலவுக்கு வாங்கிய வீட்டின் நிலவறையில் பிணம். காதல் கதை, இடையிடையே துப்பறிதல் குறுக்கிடும் என்று துணைத்தலைப்பே போட்டிருந்தார். ஆனால் அவர் அதற்கு ஒரு விலை கொடுத்தார். கொலைகாரனுக்குத் தூக்கு நெருங்கும்போது துப்பறிந்த கணவன் உடைந்துபோவதையும், மனைவி அவனைத் தாங்கிக்கொள்வதையும் கடைசியில் நிதானமாக எழுதினார். அவ்வளவு கனத்தைச் சுமக்க மனசிருந்தால் பிணம் போடுங்கள். 26,000 சொல்லில் ஜாலியாகப் போக வேண்டும் என்றால் வேண்டாம்.

உங்கள் நண்பரின் குறை வேறு என்று நினைக்கிறேன். மோதிரம் கிடைக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பாட்டி வருத்தப்படுவார், அவ்வளவுதானே? இவர்கள் இருவருக்கும் நடுவில் என்ன ஆகும் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. மேனேஜர் திருடியிருந்தால் அந்த ஜோடிக்கு எந்த இழப்பும் இல்லை, கைதட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

மாடிப்படி:
கறார்வாசகி, சுருக்கென்று இருந்தாலும் புரிகிறது. மேனேஜரை மாற்றினால் வேறு யார்? தோழியா?

முன்மேசை:
தோழி வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்கிறவன். உங்கள் லாக்கர் விஷயத்தில் நிறைய ஓட்டை இருக்கிறது, சொல்லட்டுமா? கார்டு போட்டுத் திறக்கும் அறைக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பூட்டுக்குள் ஒரு பதிவு விழும், எந்தக் கார்டு, எத்தனை மணிக்கு என்று. புகார் வந்தால் அதற்கென்று இருக்கும் கைக்கருவியைக் கொண்டுபோய்ப் பூட்டோடு இணைத்துப் பதிவை எடுப்பார்கள். ஹவுஸ்கீப்பிங் கார்டு தனி, மேனேஜர் கார்டு தனி, விருந்தினர் கார்டு தனி. லாக்கரைத் தேவைப்பட்டால் ஹோட்டலே திறக்க முடியும், ஆனால் முறையாக நடக்கும் இடத்தில் சாட்சிக்கு இன்னொருவரை வைத்துக்கொண்டு, ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் திறப்பார்கள். ஆக உங்கள் மேனேஜர் தன் பெயரைத் தானே எழுதிவைத்துவிட்டுத் திருடும் முட்டாளாகிவிடுவார்.

இன்னொன்று. பொருள் காணோம் என்றதும் எல்லார் கண்ணும் அறை சுத்தம் செய்யும் பெண் மேலேதான் போகும். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அப்புறம் பொருள் தலையணை உறைக்குள்ளோ, துவைக்கப் போட்ட பேன்ட் பையிலோ கிடைக்கும். விருந்தினர் "ஓ, சாரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெண்ணிடம் ஒருவரும் சாரி சொல்ல மாட்டார்கள். உங்கள் கதையில் அவளை வைத்துத்தான் முதல் மூன்று அத்தியாயமும் சிரிப்பு என்றால் நான் படிக்க மாட்டேன்.

கறார்வாசகி:
முன்மேசை, இந்த ஒரு பதிலுக்காகவே இந்த இழை திறந்தது தகும். கேள்வி ஒன்று: கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு கார்டு கொடுத்திருப்பார்கள் இல்லையா? எது யாருடையது என்று பதிவில் தெரியுமா?

முன்மேசை:
பூட்டைப் பொறுத்தது. பல இடங்களில் இரண்டும் ஒரே சாவியின் நகல்தான். விருந்தினர் கார்டு என்றுதான் வரும், அவனா அவளா என்று வராது.

கறார்வாசகி:
அப்படியென்றால் கதை அங்கேதான் இருக்கிறது மாடிப்படி! பதிவை எடுக்கிறார்கள். அந்த மத்தியான நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் கார்டு விழவில்லை, மேனேஜர் கார்டு விழவில்லை. விருந்தினர் கார்டு மட்டும் ஒரு தடவை. சுத்தம் செய்யும் பெண் தப்பித்தாள், ஊரே தப்பித்தது, பாக்கி இரண்டே பேர். அவன் "நான் போகவில்லை" என்கிறான். அவளும் "நான் போகவில்லை" என்கிறாள். அன்று ராத்திரி அந்த அறைக்குள் இருவரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிலின் அந்த ஓரத்தில் ஒருவர், இந்த ஓரத்தில் ஒருவர், நடுவில் அன்னப்பறவை மாதிரி மடித்துவைத்த துண்டு. இதைவிட உங்களுக்குப் பிணம் எதற்கு?

சோதனைக்குழாய்:
வேதியியல் ஆள் ஒருவன் நடுவில் புகுந்துகொள்கிறேன். வெந்நீர் ஊற்று, வெள்ளி மோதிரம் இரண்டையும் ஒரே கதையில் வைத்துவிட்டு இரண்டையும் சேர்க்காமல் விட்டது அநியாயம். பல வெந்நீர் ஊற்றுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே அதுதான். வெள்ளி அதில் பட்டால் மேலே சில்வர் சல்ஃபைடு படிந்து கறுத்துவிடும். ஊற்று கடுமையாக இருந்தால் ஒரு குளியலே போதும். அதனால்தான் அப்படிப்பட்ட குளியலறைகளில் வெள்ளி நகையைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்கிறார்கள். உங்கள் கணவன் மோதிரத்தை லாக்கரில் வைத்ததற்கு இதுவே காரணமாகட்டும், வாசகர் கேள்வியே கேட்க மாட்டார்.

இப்போது முக்கியமான பகுதி. கறுத்த வெள்ளியை வீட்டிலேயே சரிசெய்யலாம். பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாள், அதன்மேல் நகை படும்படி வைத்து, சமையல் சோடா கலந்த சூடான தண்ணீர் ஊற்ற வேண்டும். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி பளபளப்பாகிவிடும். ஆனால் ஒரு கோளாறு உண்டு. பழைய நகையின் வேலைப்பாட்டில், பள்ளங்களில் மட்டும் ஒரு கறுப்பு நின்றிருக்கும், அதனால்தான் பூவும் கொடியும் எடுப்பாகத் தெரியும். இந்த முறை அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். திரும்பக் கிடைக்கும் மோதிரம் தொலைந்தபோது இருந்ததைவிடப் புதிதாக இருக்கும்.

பழையபேப்பர்:
அடேங்கப்பா. திருட்டுப் பொருள் திரும்ப வந்ததே தடயம்!

மாடிப்படி:
இருங்கள் இருங்கள், எனக்குக் கை நடுங்குகிறது. மனைவிதான் எடுத்தாள். ஏன் எடுத்தாள்? பாட்டிக்கு ஒரு போட்டோ அனுப்பலாம், மோதிரத்தைத் தான் போட்டுக்கொண்ட மாதிரி, என்று. அதைப் போட்டுக்கொண்டே ஊற்றில் இறங்கிவிட்டாள், தண்ணீருக்குள் கழன்று விழுந்தது, தேடி எடுப்பதற்குள் கறுத்துவிட்டது. சரிசெய்து வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் அவன் ரிசப்ஷனில் போய்ப் புகார் கொடுத்துவிட்டான். இனி எப்படிச் சொல்வாள்?

சோதனைக்குழாய்:
கழன்று விழாது. வெந்நீரில் விரல் வீங்கும், மோதிரம் இன்னும் இறுகும். குளிர்ந்த தண்ணீரில்தான் விரல் சுருங்கிக் கழன்றுபோகும், கடலில் மோதிரம் தொலைவது பெரும்பாலும் அப்படித்தான்.

கறார்வாசகி:
அட, இறுகட்டுமே! அவன் மோதிரம் அவள் விரலுக்குப் பெரிதாக இருக்கும், கட்டைவிரலில் போட்டிருப்பாள். ஊற்றிலிருந்து வெளியே வருகிறாள், மோதிரம் கறுத்துப்போய்க் கட்டைவிரலில் சிக்கிக்கொண்டது, வரமாட்டேன் என்கிறது. வாசலில் அவன் "மோதிரத்தைக் காணோம்" என்று கத்திக்கொண்டு நிற்கிறான். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு "சுளுக்கு" என்று சொல்லிவிடுகிறாள். பாதி ராத்திரிவரை திருட்டுப் பொருளைக் கையிலேயே மாட்டிக்கொண்டு, புருஷனோடு சேர்ந்து திருடனையும் தேடுகிறாள். அவன் வேறு அந்தச் சுளுக்குக்கு விழுந்து விழுந்து கவனிக்கிறான். எனக்கு இந்தப் பெண்ணை இப்போதே பிடித்துவிட்டது.

அரைத்தூக்கம்:
சரி, பிணத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

குருவிக்கூடு:
அந்த மேக்பை பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பைக் கண்டால் தூக்கிக்கொண்டு போகும் என்பது வெறும் கதை. 2014ல் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில் மேக்பைகள் பளபளக்கும் பொருளைக் கண்டு ஒதுங்கித்தான் போயின, பக்கத்தில் இரை வைத்திருந்தும் தயங்கின. ஆகவே அதை நிஜத் திருடனாக வைக்காதீர்கள். பக்கத்து அறைப் பெரியவர் "பறவைதான் தூக்கிப் போயிருக்கும்" என்று அடித்துச் சொல்ல, கணவன் மரமேறி மாட்டிக்கொள்ள, கடைசியில் கேமராக்காரர் "அது பயந்த பறவைங்க" என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

பழையபேப்பர்:
எல்லாம் சரி, ஆனால் ஒரு பெரிய சிக்கலை யாரும் தொடவில்லை. மாடிப்படி, அத்தியாயம் ஒன்று அவன் பார்வையில், அடுத்தது அவள் பார்வையில் என்று எழுதியிருப்பதாக வேறொரு இழையில் சொன்னீர்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929ல் பத்து விதி எழுதினார். முதல் விதியே, குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும், ஆனால் யாருடைய மனசுக்குள் வாசகரை அனுமதித்தீர்களோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்பது. ஏழாவது, துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக்கூடாது. உங்கள் மனைவி இரண்டிலும் மாட்டுகிறாள். வான் டைன் விதியை மீறியதற்குச் சபாஷ் சொன்னேன், இதற்குச் சொல்ல மாட்டேன். இது நியாயம் சம்பந்தப்பட்டது.

கறார்வாசகி:
1926லேயே ஒரு புகழ்பெற்ற நாவல் அந்த முதல் விதியைத் தவிடுபொடியாக்கிவிட்டதே. பெயர் சொன்னால் படிக்காதவர்கள் அடிக்க வருவார்கள். அதில் பொய்யே கிடையாது, எழுதியவர் சில இடங்களைத் தாண்டிப் போயிருப்பார், அவ்வளவுதான். இங்கேயும் அப்படிச் செய்யலாம். அவள் அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு வரியும் இரண்டாம் தடவை படிக்கும்போதும் உண்மையாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டு:

"லாக்கர் காலி என்று அவன் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாட்டியின் முகம்தான் கண்முன் வந்து நின்றது. கட்டைவிரல் வேறு விண்விண்ணென்று தெறித்தது."

முதல் தடவை படிக்கும்போது பாவம் என்போம். இரண்டாம் தடவை சிரிப்போம். எங்கே பொய்?

பழையபேப்பர்:
வரி அழகு, ஒப்புக்கொள்கிறேன். மூன்று வரிக்குத் தாங்கும். பத்துப் பன்னிரண்டு அத்தியாயத்துக்குத் தாங்குமா? ஒருத்தி ராத்திரி முழுக்க மோதிரத்தையே நினைத்துக்கொண்டிருப்பாள், அவள் மனசுக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் அந்த நினைப்பு மட்டும் நம் காதில் விழவில்லை என்றால் வாசகன் கடுப்பாகிவிடுவான். ஒரு கொலைகாரனின் தந்திரத்தைக் காட்டும் நாவலில் அது பொருந்தும், சிரிக்கவைக்கும் கதையில் எழுத்தாளர் கெட்டிக்காரத்தனம் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். அவன் பார்வையிலேயே முழுக்கச் சொல்லிவிடுங்கள். அவளை வெளியிலிருந்து பார்க்கட்டும்.

முன்மேசை:
என் ஓட்டு பழையபேப்பருக்கு. ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் புருஷன்தான் வேடிக்கை.

மாடிப்படி:
அவன் பார்வையில் ஒரு துண்டு எழுதிப் பார்த்தேன், இதோ:

"விசாரணையின் இரண்டாம் நாள் அவள் சமையலறைக்குப் போய் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கேட்டு வாங்கிவந்தாள். வயிறு சரியில்லையாம். என்னால் அவளுக்கு எவ்வளவு மனக்கஷ்டம் என்று நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த போன் மினுங்கியது. அவள் அக்காவிடமிருந்து செய்தி: 'சோடா போட்டதும் நுரைக்குதா? இன்னும் கொஞ்சம் சூடா ஊத்து.' வயிற்றுவலிக்கு அவ்வளவு சூடாகவா குடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று நடைப்பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டின் அலுமினியத் தாள் குப்பைக்கூடையில் இல்லை. ஒரு பொருளையும் மடித்து எடுத்துவைத்துப் பழக்கமில்லாதவள், திருட்டுக் கவலையில் சுத்தமாகிவிட்டாள் போல."

கறார்வாசகி:
தொண்டை அடைத்தது, அருமை. கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். தாள் கூடையில் இல்லை என்பதோடு நிறுத்துங்கள். அவள் சுத்தமானவள் இல்லை என்பதை இரண்டாம் அத்தியாயத்திலேயே பெட்டி திறக்கிற காட்சியில் போட்டுவிட்டால் வாசகரே சேர்த்துக்கொள்வார். தடயத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கை காட்டக்கூடாது.

சோதனைக்குழாய்:
அக்கா செய்தியில் "நுரைக்குதா" சரியே, சூடு பட்டால் சோடாவிலிருந்து வாயு வரும். தாள் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்கட்டும், கழுவிய தாள் என்று எங்கேயாவது ஒரு சொல் போதும்.

அரைத்தூக்கம்:
முடிவு? எல்லாம் ஒரு சர்ப்ரைஸ் பரிசுக்காகத்தான், எல்லாரும் சேர்ந்து நடித்தோம், கைதட்டல், அப்படி முடித்தால் எப்படி இருக்கும்?

கறார்வாசகி:
அப்படி முடித்தால் நான் இந்தத் தளத்தை விட்டே போய்விடுவேன். அத்தனை பேரையும் அலையவிட்டுவிட்டு "சும்மா" என்பதைவிட மோசமான முடிவு கிடையாது. அவள் செய்தது அசட்டுத்தனம், மறைத்தது தப்பு, அது தப்பாகவே இருக்கட்டும். முன்மேசை சொன்ன அந்தப் பெண் இதற்குத்தான் வேண்டும். கதவுப் பதிவு எடுக்க ஒரு நாள் தாமதமாகிறது என்று வையுங்கள், அதற்குள் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்கிறார்கள். மனைவி வாயைத் திறந்தாக வேண்டிய நிமிஷம் அதுதான், பதிவு வந்து காப்பாற்றும்வரை அவள் காத்திருக்கக்கூடாது. பிடிபட்டதால் சொன்னாளா, தானாகச் சொன்னாளா என்பதில்தான் அவளை நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது இருக்கிறது.

பழையபேப்பர்:
ஆனால் பதிவு வந்து, பாக்கி இரண்டே பேர் என்று ஆகும் அந்த ராத்திரிக் காட்சி போய்விடுமே? நீங்கள்தானே அதைக் கொண்டாடினீர்கள்.

கறார்வாசகி:
ஆமாம், இடிக்கிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும்.

முன்மேசை:
இரண்டும் முடியும். பதிவு முதலில் வரட்டும், ஆனால் கணவன் நம்ப மறுக்கட்டும். பேட்டரியில் ஓடும் தனிப் பூட்டுகளில் உள்ளேயிருக்கும் கடிகாரம் பின்தங்கிப்போவது உண்டு. "பதிவில் 3:10 என்று இருக்கிறது, அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கீழே கார்டனில்தான் இருந்தோம், உங்கள் மெஷின் தப்பு" என்று கத்துகிறான். மெஷின் நிஜமாகவே அரை மணி பின்னால் ஓடுகிறது, நிஜ நேரம் 3:40, அப்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அவள் எங்கே இருந்தாள் என்று அவனுக்கே தெரியாது. பதிவைச் செல்லாது என்று ஆக்கியதே அவன்தான், அதனால் சந்தேகம் திரும்பவும் அந்தப் பெண் மேலேயே விழுகிறது. ராத்திரிக் காட்சியும் கிடைத்தது, மறுநாள் காலை அவள் வாய் திறப்பதும் கிடைத்தது. பொண்டாட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்கிறான் என்றால் இன்னும் நல்லது, அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது என்று ஆகும்.

கறார்வாசகி:
நீங்கள் ரிசப்ஷனில் வீணாகிறீர்கள்.

மாடிப்படி:
தோழியை வெட்டிவிட்டேன். மேனேஜர் இனி வெறும் மேனேஜர். கேமராக்காரர் இருப்பார், பாட்டிக்கு அனுப்பிய அந்தப் போட்டோவை எடுத்துக்கொடுத்தவரே அவர்தான், அவருக்கு எல்லாம் தெரியும், யாரும் கேட்கவில்லை என்பதால் அவர் சொல்லவில்லை. பறவை இருக்கிறது, கணவன் மரமேறுகிறான். நீளம்தான் கவலை, எல்லாம் சேர்த்தால் 30,000 தாண்டும் போல.

பழையபேப்பர்:
கவலையே வேண்டாம். ஆங்கிலத்தில் ஹ்யூகோ, நெபுலா விருதுகளில் குறுநாவல் என்பதற்கு 17,500 முதல் 40,000 சொல்வரை என்று வைத்திருக்கிறார்கள். தமிழில் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை இன்னும் குறைந்த எண்ணிக்கையிலேயே முடிந்துவிடும், 30,000 தமிழ்ச் சொல் நிறைவான குறுநாவல். ஆனால் மரமேறும் அத்தியாயத்தை ஆறு பக்கத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

முன்மேசை:
கடைசியாக ஒன்று. முடிவில் அந்தப் பெண்ணிடம் இருவரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கும் காட்சி வையுங்கள். அவள் உடனே சிரித்து "பரவாயில்லை மேடம்" என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு அவள் அறையைச் சுத்தம் செய்துகொண்டே கேட்கட்டும், வேலையை நிறுத்தாமல்.

மாடிப்படி:
வைக்கிறேன். முதல் நாலு அத்தியாயம் புதிதாக எழுதி வார இறுதியில் போடுகிறேன், கறார்வாசகி பேனாவோடு தயாராக இருக்கவும்.